கிராமத்து பப் ஒன்றைப் பற்றி ஏன் இத்தனை முரண்பட்ட பேச்சு?

கேள்வி: அடுத்த மாதம் அம்மா, அப்பாவை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்குப் போகிறோம். அங்கே ஒரு கிராமத்து பப்பில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு மேசை பதிவு செய்திருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றிய கருத்துகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் "இதுவரை சாப்பிட்டதிலேயே சிறந்த ரோஸ்ட்" என்கிறார். அதே வாரத்தில் போன இன்னொருவர் "ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஆறிப்போன கறி, சிடுசிடுப்பான ஊழியர்கள், இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டோம்" என்கிறார். யாரை நம்புவது? அம்மா சைவம்.

பதில்:

இருவரையும் நம்பலாம். நான் இங்கிலாந்துக்குப் படிக்க வந்த காலத்தில், நீங்கள் போகப்போகும் அதே வட்டாரத்தில், ஒரு கிராமத்து பப்பில் மூன்று வருடம் வார இறுதிகளில் வேலை செய்தேன். முதல் வருடம் பாத்திரம் கழுவினேன். பிறகு பாரில் நின்றேன். எங்கள் இடத்துக்கும் இப்படித்தான் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் வந்து விழும். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று என்னால் சொல்ல முடிந்தது அபூர்வம். பெரும்பாலும் அந்தத் தட்டை மேசைக்குக் கொண்டுபோனதே நான்தான்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில் நடக்கும் இடம் கிராமத்து பப். முன்பக்கத்து பாரில் ஊர்க்காரர்கள். கணப்பின் அருகே ஒரு நாய் படுத்திருக்கும். அதன் எஜமானர் இரண்டு பைன்ட் பீர் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது வீட்டுத் திண்ணை. பின்பக்கத்துச் சாப்பாட்டு அறையில் லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்த குடும்பம். மூன்று வாரத்துக்கு முன்பே பதிவு செய்தவர்கள், தலைக்கு இருபத்தைந்து பவுண்டு செலவழிக்கத் தயாராக வந்தவர்கள். அவர்களுக்கு அது உணவகம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சமையலறை, ஒரே கல்லா, பெரும்பாலும் ஒரே ஆள். திண்ணைக்கு வந்தவர் எழுதும் கருத்தையும் உணவகத்துக்கு வந்தவர் எழுதும் கருத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த இரட்டை வேடம் பழைய வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். குடித்திருக்கிறார்களா என்று வண்டியோட்டிகளை ஊதவைத்துச் சோதிக்கும் சட்டம் 1967இல் வந்தது. கார் இல்லாமல் போய்ச்சேர முடியாத கிராமத்து பப்களுக்கு அது முதல் அடி. 2007 ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபோது, குடிக்க மட்டும் வந்த கூட்டம் இன்னும் மெலிந்தது. பீர் விற்று மட்டும் பிழைக்க முடியாது என்றானதும் சமையலறைகள் பெரிதாயின. இதற்கிடையில் 1991இல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் இருந்த 'தி ஈகிள்' என்ற பப்பை இருவர் எடுத்து நடத்தி, பப்பிலேயே நல்ல உணவகத்துச் சமையலைப் பரிமாறிக் காட்டினார்கள். 'காஸ்ட்ரோபப்' என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. 2005இல் டாம் கெரிட்ஜ் என்ற சமையல்காரர் மார்லோ என்ற ஊரில் தொடங்கிய 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' பப், உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலின் வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரங்களைப் பின்னர் பெற்றது. அந்தப் பெருமையை அடைந்த முதல் பப் அதுதான். அது சமையல்காரரின் சாதனை. நாட்டில் இருக்கும் மற்ற பப்களுக்கோ தலைவலி. 'பப் சாப்பாடு' என்றாலே வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது ஒரு படி ஏறிவிட்டது. பல ஊர்களில் சமையல்காரரின் திறமை அதே படியில் ஏறவில்லை.

நீங்கள் பதிவு செய்திருக்கும் நேரம் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஞாயிறு ரோஸ்ட் என்பது தட்டில் பார்க்க எளிமையான சாப்பாடு: வாட்டிய மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அல்லது கோழி, வாட்டிய உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கள், யார்க்‌ஷயர் புட்டிங், மேலே கிரேவி. வீட்டில் ஆறு பேருக்குச் செய்தால் தவறே நேராது. அறுபது பேருக்கு, மூன்று மணி நேரம் முழுக்க, ஒரே தரத்தில் பரிமாறுவது வேறு வித்தை. எங்கள் சமையலறையில் தலைமைச் சமையல்காரர், ஓர் உதவியாள், பாத்திரத் தொட்டியில் நான். இறைச்சி காலை ஏழு மணிக்கே மெல்லிய சூட்டில் அடுப்புக்குள் போய்விடும். பதினொன்றரைக்கு வெளியே எடுத்து ஆறவிட்டு, பன்னிரண்டுக்கு முதல் துண்டு வெட்டுவார். அந்தத் துண்டு நடுவில் இளஞ்சிவப்பாக, ஓரத்தில் கருகிய மணத்துடன் இருக்கும். உருளைக்கிழங்கைக் கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கும். யார்க்‌ஷயர் புட்டிங் மாவும் முட்டையும் பாலும் கலந்த கரைசல். புகை கிளம்பும் சூட்டில் இருக்கும் கொழுப்பில் ஊற்றியவுடன் அடுப்புக்குள் போக வேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும். முதல் ஈடு பூரி போல உப்பி எழும்.

பிறகு மணி ஒன்றேகால் ஆகும். சேறு படிந்த பூட்ஸுடன் நடைபயணக் குழு ஒன்று உள்ளே வரும். ஒரு ஞாயிறு நினைவிருக்கிறது. பதினொரு பேர், பதிவு கிடையாது. பப்பை நடத்திய அம்மையாருக்கு வந்தவரைத் திருப்பியனுப்ப மனம் வராது. "வாருங்கள், எப்படியாவது உட்காரவைக்கிறேன்" என்றார். சமையலறைக்கு அந்தச் செய்தி வந்ததே ஆர்டர் அச்சு இயந்திரம் கடகடவென்று காகிதம் துப்பியபோதுதான். கம்பியில் செருகிய சீட்டுகள் பத்தொன்பது. சமையல்காரர் அவற்றைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார், தண்ணீர் குடித்தார். "இன்னும் நாற்பது நிமிடத்துக்கு இந்தக் கதவைத் தாண்டி யாரும் உள்ளே வராதீர்கள்" என்றார். இரண்டாம் ஈடு புட்டிங் வைத்திருந்த அடுப்பை அவசரத்தில் உதவியாள் திறந்துவிட்டார். அத்தனையும் தோசை.

இரண்டு மணிக்குமேல் போன தட்டுகளை நான் பார்த்தேன். சூட்டுப் பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் கிடந்த உருளைக்கிழங்கு தோலாகிவிட்டது. இறைச்சியில் மிச்சம் சாம்பல் நிறக் கடைசித் துண்டுகள். கிரேவியில் ஆடை படிந்து, அதைக் கலைக்க வெந்நீர் ஊற்றியிருந்தார்கள். கேரட் மட்டும் நன்றாக இருந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரையும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரையும் தனித்தனியே கேட்டுப்பாருங்கள். இரண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் போலப் பேசுவார்கள். அந்த ஞாயிறு இரவு எங்கள் பப்புக்கு நான்கு கருத்துகள் வந்தன. பன்னிரண்டேகால் மேசைக்காரர் "மறுபடியும் வருவோம்" என்று எழுதினார். மற்ற மூன்றும் இரண்டு மணிக்குப் பிந்தியவை. அவற்றை இங்கே சொல்லவேண்டியதில்லை.

ஆனால் காத்திருப்பு மட்டுமே கோபத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கிராமத்து பப்பில் தட்டு எடுத்து வருபவர் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பள்ளிப் பிள்ளை. ஊரில் வேறு வேலை இல்லை, பஸ்ஸும் இல்லை, பப் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மேசையிலிருந்து "எங்கள் சாப்பாடு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை பயத்தில் "இரண்டு நிமிடம்" என்று சொல்லிவிடும். உள்ளே இருபத்தைந்து நிமிட வேலை கிடக்கும். "மன்னியுங்கள், அரை மணி ஆகும், ரொட்டியும் வெண்ணெயும் தரட்டுமா?" என்று பாரிலிருந்து யாராவது போய்ச் சொன்ன மேசைகளிலிருந்து மோசமான கருத்து வந்து நான் பார்த்ததில்லை. 'இரண்டு நிமிடம்' கேட்ட மேசைகளிலிருந்து வந்தது.

பரிமாறும் முறையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. அது வெளியூர்க்காரர்களை, குறிப்பாக நம்மவர்களை, நிறையவே புண்படுத்துகிறது. என் அம்மா முதன்முறை வந்தபோது ஒரு பப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஒருவரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே, நம்மைப் பார்த்தால் மனிதர்களாகத் தெரியவில்லையா?" என்றார். வழக்கம் தெரிந்தவர் எழுந்து பாருக்குப் போவார், மேசை எண்ணைச் சொல்வார், சாப்பாட்டையும் பானத்தையும் அங்கேயே சொல்லிப் பணத்தைக் கட்டுவார். அந்தப் பாரிலும் கண்ணுக்குத் தெரிந்த வரிசை இருக்காது. ஆனால் தனக்கு முன்னால் யார் வந்தார், பின்னால் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பாரில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையை ஆட்டியோ பணத்தை நீட்டியோ கூப்பிட்டால் உங்கள் முறை ஒருபடி பின்னே போகும். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். சில பப்களில் சாப்பாட்டு அறைக்கு மட்டும் ஆள் வந்து கேட்பார், பாரில் கேட்கமாட்டார். எது எங்கே என்று எழுதிவைக்கவும் மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் "இங்கே சொல்ல வேண்டுமா, மேசைக்கு வருவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "கண்டுகொள்ளவே இல்லை" என்று வரும் புகார்களில் நல்ல பங்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது.

நல்ல பங்கு என்றுதான் சொன்னேன். நிறத்தைப் பார்த்து முகம் திருப்பிய இடங்களுக்கும் நான் போயிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அது மழுப்பல். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பக்கத்து மேசைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அவர்களும் எழுந்துபோய்ச் சொல்கிறார்கள் என்றால் அது வழக்கம். அவர்களிடம் ஆள் வருகிறார், உங்களிடம் வரவில்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சமையலறை நேரமும் இப்படித்தான். பப் பகல் முழுவதும் திறந்திருக்கும். சாப்பாடு மட்டும் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை, பிறகு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. பல இடங்களில் ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதும் அடுப்பு எரியாது. இரண்டு நாற்பதுக்கு நுழைந்து "ஆளே இல்லாத பப்பில் சாப்பாடு தர மறுத்தார்கள்" என்று எழுதுபவர் பலர். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக் கூடாது என்று பிற்பகலில் பப்களை மூடவைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கட்டுப்பாடு வாரநாட்களுக்கு 1988 வரையிலும் ஞாயிறுக்கு 1995 வரையிலும் நீடித்தது. சட்டம் போனது, பழக்கம் சமையலறையில் தங்கிவிட்டது. காலை பத்திலிருந்து மூன்று வரை நின்ற சமையல்காரர் மாலை ஐந்தரைக்குத் திரும்ப வரவேண்டும். நடுவில் அவர் தூங்குகிறார். அந்நேரத்தில் பசித்தால் 'ப்ளவ்மன்ஸ் லன்ச்' கேட்டுப்பாருங்கள்: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெங்காயம், சட்னி. அடுப்பு வேண்டாம். பேர் என்னவோ 'உழவர் மதிய உணவு'. ஆனால் அந்தப் பேரை நாடெங்கும் பரப்பியவர்கள் 1950களில் பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க நினைத்த வணிகர்கள்.

பீர் பற்றி உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன். குடிக்காதவர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கருத்துகளில் "பீர் வெதுவெதுப்பாக இருந்தது", "புளித்திருந்தது" என்று இரண்டு புகார் அடிக்கடி வரும். முதலாவது பெரும்பாலும் புகாரே இல்லை. கைப்பம்பால் இழுத்து ஊற்றும் 'காஸ்க் ஏல்' என்ற பீப்பாய் பீர், நிலவறையின் குளிர்ச்சியான 11 முதல் 13 டிகிரியில் குடிப்பதற்கென்றே செய்தது. பனிக்கட்டிக் குளிர் வேண்டுமென்றால் 'லாகர்' என்ற பீர் வகையை வாங்க வேண்டும்.

இரண்டாவது புகார் நிஜம். அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காஸ்க் ஏல் பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு நொதித்துக்கொண்டிருப்பது. ஒருமுறை திறந்து காற்று புகுந்துவிட்டால் ஏறத்தாழ மூன்று நாளில் விற்றுத் தீர்க்க வேண்டும். வழக்கமான சிறிய பீப்பாயின் பேர் ஃபர்கின். 9 காலன், அதாவது 72 பைன்ட். மூன்று நாளில் தீர்க்க நாளொன்றுக்கு 24 பைன்ட் போக வேண்டும். பாரில் ஐந்து கைப்பம்புகள் வரிசையாக நின்றால் நாளொன்றுக்கு 120 பைன்ட். முந்நூறு பேர் வாழும் கிராமத்தில், மழை கொட்டும் நவம்பர் செவ்வாய்க்கிழமை, 120 பைன்ட் யார் குடிப்பார்கள்? ஆகவே வியாழக்கிழமை ஏதோ ஒரு பம்பில் புளிப்பு தொடங்கியிருக்கும். சனிக்கிழமை புதுப் பீப்பாய் திறந்ததும் அதே பம்பில் தேன் வரும். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் ஒரே பம்பிலிருந்து வருவது இப்படித்தான். சிறிய ஊரில் நிறையப் பம்புகளைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. இரண்டு பம்பு, இரண்டும் ஓயாமல் ஓடுகின்றன என்றால் நம்பிக் குடிக்கலாம்.

நானே செய்த தவறு ஒன்றும் உண்டு. இரவு முழுவதும் நிலவறைக்கும் பாருக்கும் இடையிலுள்ள குழாயில் கொஞ்சம் பீர் தேங்கிநிற்கும். காலையில் அதை இழுத்துக் கொட்டிய பிறகே முதல் கோப்பையை ஊற்ற வேண்டும். பாரில் நிற்கத் தொடங்கிய இரண்டாம் வாரம் அதை மறந்துவிட்டு, ஓய்வுபெற்ற விவசாயி ஒருவருக்கு ஊற்றிக்கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை பார் துண்டின் மேல் வைத்து, கைப்பிடி என் பக்கம் வருமாறு மெல்லத் திருப்பினார். அம்மையார் அதை அறையின் மறுகோடியிலிருந்தே பார்த்துவிட்டார். வந்தார், மூன்று பைன்ட்டை இழுத்துத் தொட்டியில் கொட்டினார், நான்காவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அவர் முன் வைத்தார். விவசாயி "நன்றி" என்றார். அவ்வளவுதான் விசாரணை, அவ்வளவுதான் தீர்ப்பு. அந்த முதல் கோப்பை வெளியூர்க்காரருக்குப் போயிருந்தால் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போயிருப்பார். இரவு 'வினிகர்' என்று எழுதியிருப்பார்.

இங்கிலாந்துக்காரர்களின் இந்தச் சுபாவம் தெரியாமல் அவர்களின் கருத்துகளைப் படிப்பதில் பயனில்லை. சாப்பாட்டின் நடுவே பரிமாறுபவர் வந்து "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பது சடங்கு. "அருமை, நன்றி" என்று பதில் சொல்வதும் சடங்கு. அப்படிச் சொன்ன மேசையிலிருந்து முக்கால் தட்டு இறைச்சியை நானே குப்பையில் தள்ளியிருக்கிறேன். முகத்துக்கு நேரே குறை சொல்வது அவர்களுக்குப் பிச்சையெடுப்பதைவிடக் கூச்சமானது. வீட்டுக்குப் போனதும் அந்தக் கூச்சம் விலகிவிடும். ஆறு பத்தி எழுதுவார்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் வரை அதில் இருக்கும். நம் ஊர் வழக்கப்படி "தம்பி, சாம்பார் ஆறிப்போய்விட்டது, சூடாகக் கொண்டுவா" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டால் முடிந்துபோகும் விஷயம் அங்கே ஒரு நட்சத்திரமாக நிலைத்துவிடுகிறது.

கருத்துகளைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பப்பின் பேர் நானூறு வருடம் மாறாமல் இருக்கும். நடத்துபவர் இரண்டு வருடத்தில் மாறிவிடுவார். ஏராளமான பப்களின் கட்டடம் பெரிய நிறுவனங்களுக்கோ பீர் ஆலைகளுக்கோ சொந்தம். நடத்துபவர் குத்தகைக்காரர். வாடகை கட்ட வேண்டும், அதோடு பீரையும் அந்த நிறுவனத்திடமே, பெரும்பாலும் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலையில் வாங்க வேண்டும். ஐந்நூறோ அதற்கு மேலோ இத்தகைய பப்களை வைத்திருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2016இல் தனி விதித்தொகுப்பே கொண்டுவந்தார்கள் என்றால் தகராறு எவ்வளவு முற்றியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். இருபது பவுண்டு ரோஸ்டில் மூன்று பவுண்டு முப்பத்துமூன்று பென்ஸ் மதிப்புக்கூட்டு வரியாகவே போய்விடுகிறது. மிச்சத்தில் இறைச்சி, எரிவாயு, சம்பளம், வாடகை. 2000இல் ஏறத்தாழ 60,000 பப்கள் இருந்த பிரிட்டனில் இன்று 45,000 அளவில்தான் மிச்சம். ஒருவர் சேமிப்பைக் கொட்டி எடுப்பார், நன்றாக நடத்துவார், களைத்துப்போய்த் திருப்பிக் கொடுப்பார். அடுத்தவர் சமையல்காரரையே மாற்றிவிடுவார். ஆனால் பழையவர் வாங்கிய நட்சத்திரங்கள் அந்தப் பேரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நல்லதும் கெட்டதும் அப்படியே. ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய கருத்து எதையும் நான் படிப்பதில்லை.

படிப்பவற்றிலும் நட்சத்திரத்தைவிட நேரத்தைத் தேடுகிறேன். "வெள்ளிக்கிழமை இரவு", "அன்னையர் தினம்", "பதினான்கு பேர் போனோம்" என்று இருந்தால் அந்தப் புகாரைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். "புதன்கிழமை மதியம், எங்களைத் தவிர இரண்டு மேசைதான், ஐம்பது நிமிடம்" என்று இருந்தால் அதை முழுதாக நம்புவேன். அங்கே உள்ளே ஏதோ சரியில்லை. நடத்துபவரின் பதிலையும் படியுங்கள். "அன்று ஓர் ஆள் குறைவு, பதிவுகளைக் குறைத்திருக்க வேண்டும், தவறு எங்களுடையது" என்பவரிடம் போகலாம். வாடிக்கையாளரைக் கிண்டலடித்து எழுதுபவர் இருக்கிறார், அதைப் படித்து ஊரே சிரிக்கும், நான் போகமாட்டேன்.

உணவுப் பட்டியலின் நீளமும் சொல்லும். இரண்டு பேர் நிற்கும் சமையலறையிலிருந்து நாற்பது வகை வருகிறது என்றால் அவற்றில் பெரும்பாலானவை உறைபெட்டியிலிருந்து மைக்ரோவேவ் வழியாக வருகின்றன. அது குற்றமில்லை; விலை அதற்கேற்ப இருந்தால் சரி. ஆறேழு வகை மட்டும், அதிலும் ஒன்றிரண்டை அழித்துவிட்டு 'தீர்ந்தது' என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் எனக்கு வாயூறும். சமையலறைச் சுத்தத்துக்கு உள்ளாட்சி அமைப்பு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கிறது. வேல்ஸில் அதை வாசலில் ஒட்டியே ஆகவேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டாத இடத்தின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துவிடலாம்.

இப்போது உங்கள் அம்மா. பட்டியலில் சைவக் குறி போட்டிருந்தாலும் வாயைத் திறந்து கேளுங்கள். வாட்டிய உருளைக்கிழங்கைச் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ செய்வார்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கும் மாட்டுக்கொழுப்பில் ஊற்றியதாக இருக்கலாம். முட்டை எப்படியும் உண்டு. வழக்கமான கிரேவி இறைச்சிச் சாறு. சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மீனும் பொரிந்திருக்கலாம். சில காஸ்க் ஏல்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள், இது பலருக்குத் தெரியாது. பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று சொல்ல அவர்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ஆனால் மாட்டுக்கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். முன்கூட்டியே சொன்னால் நல்ல சமையல்காரர் தாவர எண்ணெயில் தனித் தட்டத்தில் கிழங்கு வாட்டித் தருவார், கிரேவியும் தனியாக வைப்பார். ஞாயிறு ஒன்றரை மணிக்கு பாரில் நின்று கேட்டால் பதில் கிடைக்கும், தட்டம் கிடைக்காது.

தட்டு வந்து, ஆறியிருந்தால் இரண்டாம் வாயிலேயே சொல்லுங்கள். முழுதும் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் செய்ய வழியில்லை. குரலை உயர்த்தாமல், தட்டு கொண்டுவந்த பிள்ளையிடம் இல்லாமல், பாரில் பெரியவர் யார் என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் புதுத் தட்டு வரும், இல்லாவிட்டால் பில்லில் குறைப்பார்கள். பில்லில் 'விருப்பப்பட்டால்' என்று குறிப்பிட்டுச் சேர்த்த சேவைக் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்தால் அது ஊழியர்களுக்கே போகவேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் இருக்கிறது. அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பதிவை மாற்றுங்கள். வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிபோல, பார் ஓய்ந்திருக்கும் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இரண்டேகாலைப் பன்னிரண்டேகாலாக ஆக்கித்தர முடியுமா என்று கேளுங்கள். முடியவில்லையென்றால் சனிக்கிழமை மதியத்துக்கு மாறிவிடுங்கள். ரோஸ்ட் இருக்காது, மாவுக்குள் இறைச்சியோ காயோ வைத்துச் சுட்ட 'பை' இருக்கும், அதுவும் குறைவில்லை. அதே மூச்சில் அம்மாவின் உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் வேகிறது என்றும் கேளுங்கள். எடுத்தவர் "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரைப் பாரின் மேல் வைத்து, சமையலறைக் கதவு கிறீச்சிட உள்ளே போய்க் கேட்டுவந்து பதில் சொன்னால், அந்த இடத்துக்குத் தைரியமாகப் போகலாம். "சைவம்தான், ஒன்றும் பிரச்சினையில்லை" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னால், அடுத்த கிராமத்து பப்பின் எண்ணையும் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.